மெழுகுத்தாள் பிரிக்காத ஜோடி

பழைய மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் வாங்கும்போது இரும்பென்றால் பழசாகப் பார்த்து வாங்க வேண்டும், ரப்பரும் பசையும் என்றால் புதுசாக வாங்க வேண்டும். எங்கள் மொராவிய வட்டாரத்துச் சந்தைகளில் கடை விரிக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள், மெழுகுத்தாள் பிரிக்காத கம்பெனிச் சாமான் ஒன்று கண்ணில் பட்டால் அவர்களே சொக்கிப்போய் நிற்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வியாதி.

நீங்கள் இந்த பிரேக் ஷூவை என் மேஜைமேல் வைத்து, "போகுஷ் ஐயா, இந்த வட்டாரத்துல உங்கள விட்டா இதப் பத்தி யாருக்குத் தெரியும்? பார்த்துச் சொல்லுங்க" என்றீர்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒரு போலீஸ்காரர் ஒப்புக்கொள்வது நல்ல குணம். செத்துப்போனது என் மகள் என்பதால் கேட்கத் தயங்கினீர்கள். தயங்க வேண்டாம். உட்காருங்கள்.

தப்பு முழுக்கத் தன்னுடையது என்று என் மருமகன் ஹினெக் உங்களிடம் சொல்லியிருக்கிறான். பழைய ஷூவை முன் சக்கரத்தில் மாட்டியது அவன்தான், உண்மை. ஆனால் அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது.

வண்டி அவன் அப்பாவுடையது. சிவப்பு நிறம், இரட்டை சிலிண்டர். எந்தக் கம்பெனி என்பதை இதில் இழுக்க வேண்டாம், வண்டிமேல் குற்றம் இல்லை. கோழிக்கொட்டகையில் எச்சம் படிந்து கிடந்ததை வெளியே இழுத்துக்கொண்டு அவன் என்னிடம்தான் வந்தான். ஒவ்வொரு சாமானும் நான் பொறுக்கிக் கொடுத்தது. பேரிங் பழைய இருப்பில் எடுத்தேன், அந்தக் காலத்து எஃகு இப்போது கிடைக்காது. சீல், ஹோஸ் எல்லாம் புதுசு. கார்புரேட்டருக்காகச் சந்தை சந்தையாக அலைந்தேன். பளபளவென்று ஒன்று கிடைத்தது, போலி என்று தூக்கிப் போட்டுவிட்டேன். எஞ்சினை முடித்து ஹினெக் உதைத்தபோது முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. ராட்கா கை தட்டிக் குதித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

ராட்கா என் ஒரே மகள். அவள் அம்மா போன பிறகு ஞாயிறு தவறாமல் வருவாள். வாத்து வறுப்பாள், முட்டைக்கோஸ் வேகவைப்பாள், என் சட்டைக் காலரைப் பார்த்து மூக்கைச் சுளிப்பாள். வாரத்தின் மற்ற ஆறு நாட்களை நான் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

பிரேக் வேலை மட்டும் பாக்கி இருந்தபோது ஒரு ஞாயிறு, வாத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நாங்க நார்வே போறோம். ஹினெக்குக்குக் கப்பல் பட்டறையில வேலை கிடைச்சிருச்சு. கோயில்ல வண்டிகளுக்கு ஆசீர்வாதம் முடிஞ்ச கையோட கிளம்பறோம்."

"எப்போ திரும்பி வருவீங்க?"

"திரும்பியா? அங்கேயே குடி போறோம்பா. போன்ல மூஞ்சி பார்த்துப் பேசிக்கலாம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்துருவோம்." என் முகத்தைப் பார்த்ததும் சிரித்தாள். "ஏன் மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கிற? செத்தது வாத்து, நான் இல்ல."

நானும் சிரித்தேன். இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டேன். அவர்கள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இனி இந்த ஷூவைப் பாருங்கள். வளைந்த அலுமினியத்தின்மேல், சக்கரத்து டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனிங்கைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். எந்தப் பசையும் நாளாக ஆகக் காய்ந்துபோகும். பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் காயும். அப்படிக் காய்ந்ததை மாட்டினால் கொஞ்ச தூரம் நன்றாகவே பிடிக்கும். இறக்கத்தில் அடிக்கடி அழுத்திச் சூடேறினால் லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள் ஆப்பு மாதிரி செருகிக்கொள்ளும். சக்கரம் அப்படியே நின்றுவிடும். அது பின் சக்கரமானால் வண்டி சறுக்கும், கால் முறியலாம். முன் சக்கரமானால் ஆளைத் தூக்கி எறியும். என்னிடம் ஷூ வாங்க வருகிற எல்லோரிடமும், பழைய லைனிங்கைச் செதுக்கிவிட்டுப் புதுசு ஒட்டிக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்புவேன்.

ஹினெக்குக்கு இரண்டு ஜோடி எடுத்து வைத்தேன்.

"ஒண்ணு நான் புது லைனிங் ஒட்டினது, இத முன்னாடி போடு. இன்னொண்ணு ஒரிஜினல், தாளே பிரிக்கல. பின்னாடி போட்டுக்க" என்றேன்.

"என்ன மாமா, தங்கத்த வாங்கிப் பரண்ல போடச் சொல்றீங்க?" என்று அந்தப் பொட்டலத்தை மோந்து பார்த்தான். "ப்ரோகெஷ் முன் சக்கரத்தத்தானே கழட்டச் சொல்லுவாரு."

ப்ரோகெஷ் எங்கள் பழைய வண்டிக் கழகத்தின் பரிசோதகர். எல்லாம் அசல் சாமான் என்று அவர் சான்று கொடுத்தால்தான் பழம்பெரும் வண்டி என்ற நம்பர் பலகை கிடைக்கும். அந்தப் பலகையோடு வண்டியை நார்வேக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது ஹினெக்கின் ஆசை. ப்ரோகெஷ் முன் சக்கரத்தைக் கழற்றச் சொல்வார், உள்ளே எட்டிப் பார்ப்பார், அதோடு சரி. பின் சக்கரத்துக்கு அவர் குனிந்து நான் பார்த்ததில்லை. ஹினெக்கின் வண்டியைப் பார்க்க வந்த அன்றும் முன் சக்கரத்தில் அந்த ஷூவைக் கண்டு, "அடப்பாவி, அலமாரியில வச்சுக் கும்பிட வேண்டியதப் போய் வண்டியில மாட்டியிருக்கியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். முன்னுக்கும் பின்னுக்கும் ஷூ ஒரே அளவு. ஹினெக் அதை எங்கே மாட்டுவான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பின்னால் போடச் சொன்னேன் என்பதும் உண்மைதான். அதை நான் பல முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அவன்மேல் கோபம் கிடையாது. ஒரு கால் முறிந்தால் போதும் என்று நினைத்தேன். நொண்டுகிறவனுக்காகப் பட்டறை காத்திருக்காது, வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளும். ராட்கா அவனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு இங்கேயே இருப்பாள். ஞாயிறு இரண்டு பேரும் வருவார்கள். நான் வாத்து வாங்கி வைப்பேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆசீர்வாத நாளன்று குன்றுமேல் கோயில் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. பாதிரியார் புனித நீர் தெளித்துக்கொண்டே வந்தார். அது முடிந்ததும் மனைவியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு இறங்குவது எங்கள் ஊர் வழக்கம். ராட்காவின் அம்மாவை வைத்து நானும் இறங்கியிருக்கிறேன். ஆனால் ராட்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மோட்டார் சைக்கிள் என்றால் பயம். கொலாச் இனிப்பு ரொட்டித் தட்டுகளை எடுத்துக்கொண்டு காரில் வருவதாகத்தான் சொல்லியிருந்தாள்.

யாருடைய ஹெல்மெட்டையோ வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னிக்கு மட்டும் வர்றேன்" என்றாள். "பயமில்லையாடி?" என்று பக்கத்தில் யாரோ சீண்டினார்கள். "சாமான் எல்லாம் எங்கப்பா பொறுக்கினது. எனக்கென்ன பயம்?"

ஹெல்மெட் வாரை மாட்டத் தெரியாமல் தடுமாறினாள். நான் போய் மாட்டிவிட்டேன். அவள் தாடை என் விரலில் பட்டது. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் போய்விடுவாள், கிறிஸ்துமஸுக்குக்கூட வரமாட்டாள். வண்டி நகர்ந்ததும் கையை உயர்த்தினேன். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவளும் கையை ஆட்டினாள்.

பாலத்துக்கு முந்தைய வளைவில் சக்கரம் நின்றது. ஹினெக் புல்வெளியில் விழுந்தான், தோள்பட்டை எலும்பு முறிவோடு தப்பினான். அவள் பாலத்துக் கல்லில் விழுந்தாள். நான் ஓடிப்போனபோது முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் போட்ட கூச்சலை ஊரே கேட்டது. இப்போது தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை, அதனால்தான் இப்படி நிதானமாகப் பேச முடிகிறது.

ஹினெக் வாராவாரம் வந்து, "நீங்க பின்னாடி போடச் சொன்னீங்களே மாமா, நான் கேக்கலயே" என்று என் காலடியில் உட்கார்ந்து அழுகிறான். அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறேன். அவன்மேல் வழக்கு வேண்டாம்.

திருத்தம் இதுதான். அந்த மெழுகுத்தாள் ஏற்கெனவே பிரிக்கப்பட்டது. நான்தான் பிரித்தேன். லைனிங்கின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தேன், காய்ந்த பொருக்கு மாதிரி தூக்கிக்கொண்டு வந்தது. மற்ற ஜோடிகளையும் அப்படியே நெம்பிப் பார்த்து, இருந்ததிலேயே மோசமானது எது என்று தேர்ந்தெடுத்தேன். பிறகு தாளைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து, நூலைக் கட்டி அவனுக்காக எடுத்து வைத்தேன்.

எழுதிக்கொண்டீர்களா? இருங்கள், கோட்டை மாட்டிக்கொண்டு வருகிறேன். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நிமிடம் நிறுத்தினால் நல்லது. தினமும் இந்த நேரத்துக்கு அவளைப் பார்க்கப் போவேன். நார்வே என்றால் வருடத்துக்கு ஒரு முறைதான் பார்த்திருப்பேன்.