இடம் மாறிய கொம்பு

—அப்ப சிவானந்தம் ஒண்ணுமே பேசலியா?

—ஒரே வார்த்தைதான் லாத்தா. "ஆமா சார், நான்தான்"னான். பையத் தூக்கிக்கிட்டு வெளியே போயிட்டான். சைக்கிள மிதிச்சு தோட்டத்துக்கே போயிருப்பான்.

—அங்க யார் யாரு இருந்தாங்க?

—கம்ப்யூட்டர் கிளப் பசங்க எல்லாரும். சுப்பிரமணியம் சார் முகமே வாடிப் போச்சு. அவருக்கு சிவான்னா உசுருல்ல. இனிமே கிளப்புக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டாரு.

—முதல்லேருந்து சொல்லு தம்பி. எறால் உரிச்சு மஞ்சப்பொடி தடவி முடிக்கிற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன். வாப்பாவும் கடையில கல்லாவ விட்டு மேல வரமாட்டாங்க. நம்ம வீட்டு கம்ப்யூட்டர் மெஷின்லேருந்து அப்படி என்ன திருடு போச்சு?

—எதுவும் திருடு போகல. போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். நான் தமிழ் எழுத்து ப்ரோக்ராம் ஒண்ணு எழுதிக்கிட்டிருந்தேன்ல, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியா வச்சு?

—டிவியில 'க' வருதுன்னு உம்மாவ இழுத்துட்டுப் போய்க் காட்டினியே, அதா?

—அதேதான். 'க' வந்துச்சு, 'கா' வந்துச்சு. 'கெ'தான் வரல. வாயால சொல்றப்ப 'க்' முன்ன, 'எ' பின்ன. எழுதறப்ப கொம்பு முன்னால வந்துரும். இந்த மெஷின் கொம்பக் கொண்டுபோய் எழுத்துக்குப் பின்னால நிறுத்துது. மாசக்கணக்கா முட்டிப் பாத்துட்டு விட்டுட்டேன். ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்து டிஸ்க்கப் போட்டா, கொம்பு முன்னால நிக்குது.

—நல்லதுதானே?

—என்ன லாத்தா நல்லது? யாரு கேட்டா? அது என் டிஸ்க். அதுல இருக்கறது என் மனசுல இருக்கற மாதிரி. ஒருத்தன் என்னைக் கேக்காம என் மண்டைக்குள்ள பூந்து, நீ இங்கதான் தப்பா யோசிச்சிருக்கேன்னு திருத்திட்டுப் போனா சும்மா இருக்க முடியுமா? கடுதாசியப் பிரிச்சா கவர் கிழிஞ்சிருக்கும், கண்டுபிடிச்சிரலாம். டிஸ்க்கப் படிச்சா ஒரு தடயமும் இருக்காது. நாளைக்கு பேங்க், ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் இந்த மெஷின்தான் வரப்போவுதாம். நம்ம விசயத்த யாரு பாத்தாங்கன்னு எவனுக்குத் தெரியும்?

—சரி. அது சிவானந்தம்னு எப்படி முடிவு பண்ணுன?

—வேற யாரு இருக்கா? சனிக்கிழமையானா வந்துர்றான். வாப்பா என்னை கடைக்குக் கூப்பிட்டா அவன்தான் மெஷின் முன்னாடி தனியா உக்காந்திருப்பான். நான் வாரம் பூரா புத்தகத்த வச்சுக்கிட்டு மண்டைய ஒடச்சிக்கிறத, அவன் ஒரு தடவை பாத்துட்டு "இப்படித்தானே சலா?"ம்பான். தோட்டத்துல அவுங்க லயத்து வீட்டுல மெஷினும் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாது. எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டுறவரு மவன். மெஷின் என் வீட்டுல இருக்கு, ப்ரோக்ராம் அவன் கையில ஓடுது.

—அதான் உனக்கு எரிஞ்சிருக்கு.

—எரியத்தான் செய்யும்லா. பூட்டு ஒண்ணு போட்டேன். ரகசிய வார்த்தையத் தட்டினாத்தான் உள்ள விடும். அடுத்த வாரமே 'கொ'வும் சரியாயிருச்சு. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டும் ஒழுங்கா நிக்குது. பூட்ட ஒடைக்கவே இல்ல. பக்கத்துச் செவுத்துல வாசல் வச்சு உள்ள வந்திருக்கு.

—அப்புறம்?

—அப்புறம் கண்ணி வச்சேன். யார் ப்ரோக்ராமத் திறந்தாலும் அவுங்களுக்குத் தெரியாம உள்ள ஒரு எண்ணிக்கை ஏறும். தெனமும் ஸ்கூல் விட்டு வந்ததும் பாப்பேன். ஏறிக்கிட்டே இருந்துச்சு.

—எந்த மணிக்குன்னு எழுதி வைக்காதா?

—இந்த மெஷினுக்கு மணியெல்லாம் தெரியாது லாத்தா. எத்தன தடவைன்னு மட்டும்தான் சொல்லும். அதைத்தான் இன்னைக்கு சார் முன்னால கொண்டுபோய் வச்சேன்.

—தெனமும் ஏறுச்சுன்ன?

—ஆமா.

—சிவானந்தம் சனிக்கிழமைதானே வருவான்?

—சனிக்கிழமைதான்.

—சனிக்கிழமை மட்டும் வர்றவன் தெனமும் எப்படிடா திறப்பான்?

—அவனே ஆமான்னுட்டானே. அப்புறம் என்ன?

—ஏன் ஆமான்னான்னு நான் சொல்றேன். எறால் சட்டிய அந்தப் பக்கம் நகர்த்து. என் பரீட்சை முடிவு வந்தப்ப உனக்கு ஞாபகம் இருக்கா? கணக்குல எனக்குத்தான் முதல் மார்க்கு. வாப்பா சந்தோசமா நெய்ச்சோறு ஆக்கச் சொன்னாங்க, அதோட படிப்பு போதும்னும் சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன். அந்த வருசந்தான் உனக்கு மெஷின் வந்துச்சு. பெட்டியப் பிரிச்சுக்கிட்டே, "யாரும் தொடாதீங்க, இது சலாவோடது"ன்னாங்க. எனக்கு அன்னைக்குச் சோறே இறங்கல. பொறாமதான் தம்பி. அதுக்கு வேற பேரு வைக்க மாட்டேன்.

—லாத்தா...

—நீ காலையில ஸ்கூலுக்குப் போனதும் அந்தப் புத்தகத்த எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன். புரியாதத மறுபடி மறுபடி படிச்சேன். கொம்ப நான்தான் முன்னால கொண்டு வந்தேன். உன் பூட்டையும் நான்தான் தாண்டினேன். உன்னை மட்டம் தட்டணும்னு செய்யல. தப்பா நிக்கிறதப் பாத்தா கை சும்மா இருக்கல.

—சிவாவுக்கு இது தெரியுமா?

—கண்டுபிடிச்சிட்டான். ஒரு சனிக்கிழமை நீ கடைக்கு இறங்கினதும், "இது சலா எழுதுற மாதிரி இல்லையே, யாரு எழுதுனது?"ன்னு உம்மாகிட்ட கேட்டான். உம்மா என்னைப் பாத்தாங்க. என்னால பொய் சொல்ல முடியல. வாப்பாவுக்குத் தெரிஞ்சா மெஷினையே வித்துருவாங்க, சபாக் ஊர்லேருந்து என்னைப் பொண்ணு கேட்டு வர்ற நேரம், வீட்டுக்கு வர்ற பையனோட சேத்துவச்சு எவனாவது கதை கட்டுவான்னு சொன்னேன். "நான் எதையும் பாக்கலக்கா"ன்னான். அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்காக இன்னைக்கு அத்தன பேரு முன்னால திருடன்னு பேரு வாங்கியிருக்கான்.

—என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அவன்.

—சொன்னா அது என் ரகசியம் இல்லாமப் போயிரும்ல. நீ பூட்டு, கண்ணின்னு எத்தனையோ வச்ச. அவன் வாய மூடிக்கிட்டான். ஆமா, கோலாலம்பூர்ல நடக்கற கம்ப்யூட்டர் போட்டிக்கு யாரு போறா?

—ஸ்கூலுக்கு ஒருத்தர்தான்.

—அது தெரியும். யாருன்னு கேட்டேன்.

—சிவா பேரு இருந்துச்சு. இன்னைக்கு சார் அதை அடிச்சிட்டு என் பேர எழுதிட்டாரு.

—அங்க போய் எதைக் காட்டப் போற?

—இந்தத் தமிழ் எழுத்தத்தான்.

—ம். எந்திரி. நான் கையக் கழுவிட்டு முக்காடு போட்டுட்டு வர்றேன். முதல்ல வாப்பாகிட்ட சொல்லுவோம். அப்புறம் சார் வீட்டுக்குப் போவோம்.

—வேணாம் லாத்தா. மெஷின வித்துருவாங்க. சபாக்காரங்களும் வேற மாதிரி நெனப்பாங்க.

—விக்கட்டும். நெனக்கட்டும். அந்தப் பையன் நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஸ்கூலுக்கு வருவான்? நீ பயப்படாத. சார்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வேணும்னு செய்யல. அவன்தான்னு நெசமாவே நம்பிட்ட. நான்னு தெரிஞ்சிருந்தா நீ அவன் பேர இழுத்திருக்கவே மாட்ட. எனக்குத் தெரியாதா உன்னை?

—லாத்தா.

—என்னடா?

—கொம்பு இடம் மாறின முத நாளே கீபோர்டுல சமையல் மஞ்சக்கறை இருந்துச்சு. நான்தான் தொடச்சேன்.