இன்பசேகரன் சாரின் கையுறை

— வேண்டாம்மா. காலமானவர் கையில இருந்ததை என் கையில மாட்டிக்கறதா? பையிலயே வச்சுடுங்கோ.

— ஏன்னா, விளாங்குடியிலேந்து வெயில்ல வந்திருக்கா. முதல்ல உக்காரச் சொல்ல வேண்டாமா? நீங்க உக்காருங்கோ டீச்சர். கை விழுந்ததுலேந்து இவருக்கு நாக்குதான் எல்லா வேலையும் பாக்கறது.

— இருக்கட்டும் மாமி. சாமி கேக்குறதுல தப்பில்ல. பஸ் ஏறும்போதே நானும் அதத்தான் நெனச்சேன். போனவுக சாமானத் தூக்கிட்டுப் போறோமே, வாசல்லயே நிப்பாட்டிருவாகளோன்னு. நீங்க காப்பியே குடுத்துட்டீக.

— காப்பி குடுத்தா மாட்டிக்கறேன்னு அர்த்தமில்லை. இசைவாணி சொல்லித்தானே வந்தேள்? அந்த பிசியோதெரபிப் பொண்ணு கையை இழுத்து முறுக்கறதோட நிறுத்திக்கப்படாதா?

— அந்தப் புள்ளதான் எங்க சாருக்கும் பாத்துச்சு சாமி. எங்க வீட்டுக்காரரச் சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே மிஷன் ஸ்கூல்ல வேலை பாத்தோம், நானும் சார்னே கூப்பிட்டுப் பழகிட்டேன். அவருக்கும் இதே மாதிரி வலது கைதான். கிறிஸ்மஸ் முடிஞ்சு போயிட்டாரு. அதுலருந்து இது அலமாரியில கெடக்கு. தெறக்குறப்பல்லாம் கையை நீட்டிக்கிட்டு என்னையப் பாக்குற மாதிரியே இருக்கு.

— பாவம். எடுத்துக் காட்டுங்கோ டீச்சர், நான் பாக்கறேன். அடேங்கப்பா, கையுறை மாதிரின்னா இருக்கு! மேல ஒவ்வொரு விரலுக்கும் நரம்பு வேற ஓடறது.

— தோலா?

— துணி சாமி. மேல ஓடுறது நைலான் கயிறு. நீங்க கேப்பீகன்னு, செஞ்சவன்கிட்டயே விசாரிச்சுட்டுத்தான் வாரேன். ஆல்பின்னு ஒரு பையன், சார்ட்ட கணக்குப் படிச்சவன். இப்ப இஞ்சினியரிங் காலேஜ்ல வாத்தியாரா இருக்கான். சார் படுத்துட்டாருன்னு கேள்விப்பட்டு அவனே செஞ்சு கொண்டாந்தான். நேத்து வந்து எல்லாத்தையும் சரிபாத்து, புதுக் கைக்குன்னு மாத்திக் குடுத்தான்.

— அதெல்லாம் சரி. இது என்ன பண்ணும்?

— வட்டமா பொட்டு மாதிரி வயரோட இருக்கே, இந்த மூணையும் முன்கையில ஒட்டணும். கை அசையாட்டியும், அசைக்கணும்னு நீங்க நெனச்சாலே தசையில லேசா ஒரு துடிப்பு வருமாம். நம்ம கண்ணுக்குத் தெரியாது, பொட்டுக்குத் தெரியும். தெரிஞ்சுதுன்னா இந்தச் சின்னப் பெட்டியில பச்சை லைட்டு எரியும். ஒடனே கையுறை வெரல மடக்கிக் குடுக்கும். அப்படியே பழகப் பழக கை தானா வரும்.

— எரியலேன்னா?

— மறுநாளும் ஒட்டணும்.

— சேசுவைக் கும்பிட்டாத்தான் எரியுமோ?

— பேட்டரி போட்டாத்தான் எரியும் சாமி.

— அகிலா, என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?

— சிரிக்காம என்னன்னா பண்றது? டீச்சர், நீங்களே சொல்லுங்கோ. தையிலேந்து இவரோட பூஜை முறையை இவர் அண்ணா பிள்ளை ஸ்ரீராம்குமார்தான் கோயில்ல பாத்துக்கறான். நல்ல பிள்ளைதான். முந்தாநாள் வந்து, "சித்தப்பா, சித்திரைக்கு மேல என் பேர்லயே மாத்திண்டுடலாமா"ன்னு கேட்டுட்டுப் போனான். அன்னிலேந்து இவர் சரியாச் சாப்பிடலை.

— அவன் கேட்டது நியாயம்தானேடி. இடது கையால ஸ்வாமிக்கு தீபம் காட்ட முடியுமோ? இந்தக் கை வரலேன்னா நான் வேஷ்டி கட்டிண்டு பிரகாரத்துல உக்காந்துக்க வேண்டியதுதான். போறவா வரவால்லாம் "மாமா, தேவலையா"ன்னு கேட்டுட்டுப் போவா.

— அப்ப ஒட்டிப் பாத்தா என்ன கொறஞ்சு போகும் சாமி? இது எங்களுக்கு அம்புட்டு நல்லது பண்ணுச்சு. அந்த நன்றிக்குத்தான் தூக்கிட்டு வந்தேன். இன்னொரு கைக்குள்ள போயிட்டா எனக்கும் மனசு ஆறும்.

— உங்காத்துக்காரருக்கு நன்னா கேட்டுதா இது?

— நீங்க மொதல்ல கையைக் குடுங்க. மாமி, முழங்கையை ஒரு தலகாணியில தூக்கி வைங்க. ஆங், இப்படித்தான். ... அட, என்ன இது, பொட்டு ஒட்ட மாட்டேங்குது! வழுக்குதே. என்ன தடவிருக்கீக?

— காலம்பற தைலம். அதுக்கு மேல விபூதி.

— நெத்தியில இட்டுக்கறதைவிட இந்தக் கைக்கு இட்டதுதான் ஜாஸ்தி டீச்சர். இதுக்குன்னே ஒரு சம்புடம் வச்சிருக்கார்.

— நல்லதுதான். ஆனா பொட்டுக்குத் தோலுதான் வேணும். மாமி, ஒரு ஈரத்துணி குடுங்க.

— என்னது? விபூதியைத் துடைக்கறதா? அதெல்லாம் நடக்காது.

— ஏன்னா, குளிச்சா போறதோல்லியோ? குளிக்கறதை விட்டுட்டேளா என்ன? துணியை நான் வச்சுண்டிருக்கேன், நானே துடைக்கறேன். ஸ்வாமி கேட்டா என்னைக் கைகாட்டி விட்டுடுங்கோ.

— கையிருந்தாத்தானே காட்டறதுக்கு!

— பாத்தேளா டீச்சர், இதுக்குத்தான் சொன்னேன் நாக்குன்னு.

— சார் இதுக்கும் மேல பேசுவாரு மாமி. இசைவாணி வந்தாலே, "வந்துட்டாம்மா முறுக்கு சுடுறவ"ன்னு கத்துவாரு. ... ஒட்டிருச்சு. கையுறையையும் மாட்டியாச்சு. பெட்டியையும் போட்டுட்டேன். இப்ப மடக்குங்க சாமி.

— மடக்கறேன்.

— மடக்குங்க.

— மடக்கிண்டேதாம்மா இருக்கேன்! இதுக்கு மேல எப்படி மடக்கறது?

— எரியலையே டீச்சர். பொட்டை மாத்தி ஒட்டிட்டோமோ?

— இல்ல மாமி, எடம் சரிதான். சாமி, மூச்சப் பிடிக்காதீக. பல்லக் கடிக்காதீக. கையில ஒரு எலுமிச்சம்பழம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு பிழியுங்க.

— பிழியறேன்.

— இன்னொரு தடவ.

— போறும். எடுத்துடுங்கோ. எனக்குத் தெரியும், இது செத்த கை. நாப்பது வருஷம் இதுகிட்ட யாராவது மடங்கு, நிமிருன்னு சொன்னாளா? எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கேனா நான்? இடது கை மணியை ஆட்டும், இது பாட்டுக்கு தீபத்தட்டைத் தூக்கும். அது நிக்கறப்போ இதுவும் நிக்கும். நடுவுல என்னை யார் கேட்டா?

— சாமி, இப்பச் சொன்னீகளே, அத இன்னொரு தடவ சொல்லுங்க.

— எதை?

— மணி! ஏன்னா, மணியைத்தான் சொல்றா. இருங்கோ, உள்ளேந்து எடுத்துண்டு வரேன்.

— அகிலா! வேளையில்லாத வேளையில மணியடிக்கறதா? ஸ்வாமியைக் கூப்பிட்டுட்டு என்னத்தைக் காட்டறது?

— உங்க கையைக் காட்டுங்கோ. இந்தாங்கோ, இடது கையால பிடிங்கோ. கண்ணை மூடிக்கோங்கோ. கர்ப்பக்கிரகத்துல நிக்கறேள். திரை விலகியாச்சு. வாசல்ல ஜனம் காத்துண்டிருக்கு. அடிங்கோ.

— அடிக்கறேன், கேக்கறதா?

— நல்லா அடிங்க சாமி. வீதி முழுக்கக் கேக்கட்டும்.

— டீச்சர்! அங்க பாருங்கோ! அது என்ன, பச்சையா?

— நிப்பாட்டாதீக சாமி! கண்ணத் தெறக்காதீக! அடிங்க, அடிங்க!

— அகிலா... விரல் மடங்கறதுடி. நான் ஒண்ணும் பண்ணலை. அதுவா மடங்கறது.

— நீங்க தட்டத் தூக்கத்தான் பாத்தீக சாமி. அது ஒங்க துடிப்புதான். பெட்டி தானா எரியாது, வெறும் பெட்டி அது. மாதாவே... எம்புட்டுப் பளிச்சுன்னு எரியுது!

— கண்ணைத் தொறக்கலாமா? எரியறதா இன்னும்? ... எரியறது. அகிலா, எரியறதுடி! செத்த கை இல்லைடி இது.

— நான் எப்பவாவது சொன்னேனா செத்த கைன்னு? நீங்களா சொல்லிண்டேள். இப்போ எதுக்கு அழறேள்? என்னையும் சேத்து அழவிடறேளே.

— ஸ்ரீராம்குமாருக்கு போன் பண்ணு. சித்திரைக்கு மேலயும் கொஞ்சநாள் பொறுத்துக்கோடான்னு சொல்லு. சும்மா இல்லை, பச்சை எரிஞ்சுதுன்னு சொல்லு.

— அவனுக்கு என்ன புரியும் பச்சைன்னா?

— எல்லாம் புரியும். சொல்லு. டீச்சர், நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்கோ. உங்காத்துக்காரர் இருந்திருந்தா அவர் முன்னாடி இந்தக் கையை எடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

— இருந்திருந்தா, "மொதல்ல கூட்டல் கழித்தல் போட்டுக் காட்டுங்க ஐயரே, அப்புறமா கும்பிடுங்க"ன்னு சொல்லிருப்பாரு. நாந்தான் ஒங்களுக்கு நன்றி சொல்லணும். ஆல்பினுக்கு இன்னைக்கே சொல்லிருதேன். அவன் ரொம்ப நாளாக் காத்திருக்கான்.

— எதுக்கு டீச்சர் காத்திருக்கான்? அவன் பண்ணினது எரியும்னு அவனுக்குத் தெரியாதா? சாருக்கு எரிஞ்சப்போ பாத்திருப்பானே. சாருக்கு எத்தனை நாள்ல எரிஞ்சுது?

— எரியல மாமி.

— என்ன சொல்றேள்?

— ஒரு தடவகூட எரியல.

— நல்லது பண்ணித்துன்னேளே டீச்சர்? நன்றிக்கு வந்தேன்னேளே?

— பண்ணுச்சு சாமி, பொய் சொல்லல. பச்சை எரியுற வரைக்கும் வீட்டுக்காரவுகதான் கூட உக்காந்து, வெரல் வெரலா மடக்கி விடணும்னு இசைவாணி சொல்லிருச்சு. ஒரே ஸ்கூல்ல வேலை பாத்தவுக நாங்க. புள்ளைக கேலி பண்ணுமேன்னு ரோட்டுல அவரு முன்னால போவாரு, நான் பின்னால போவேன். சர்ச்சுல அவரு ஆம்பளைக பக்கம், நான் பொம்பளைக பக்கம். வீட்டுக்கு வந்தா அவரு விடைத்தாளத் திருத்துவாரு, நான் அடுப்படியில கெடப்பேன். கல்யாணப் பூசையில ஃபாதர் சேத்து வச்ச கை. அதுக்கப்புறம் நான் அதப் பிடிச்சது இந்தப் பெட்டிக்கு முன்னாலதான். சாயங்காலமானா ஜன்னலோரமா உக்காந்து, ஒவ்வொரு வெரலா, இருட்டுற வரைக்கும்.

— சாருக்கு வருத்தமா இருந்திருக்குமே டீச்சர், எரியவே இல்லேன்னு?

— நானும் அப்படித்தான் நெனச்சு, தெனமும் தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தேன் மாமி. ஒருநாள் சார் சொன்னாரு, "மேரி, அந்தப் பேட்டரியக் கழட்டி வச்சிரு. எரிஞ்சுதுன்னா நீ கையை விட்டுருவ."