துணியில்லாம ஓடற மிசினு

...அதையேதான் நானும் கேக்கறேன் கண்ணு. ஒரே டாக்டரம்மா, ஒரே சேரு, உனக்கொரு பீஸு எனக்கொரு பீஸா? டீக்கடையில இப்பிடிச் சொன்னா சும்மா உடுவமா? வருமானத்துக்குத் தக்கன பீஸுன்னு வாசல்லயே போட்டிருக்கறாங்க, சரி. இல்லாதவங்க கம்மியாக் குடுத்துட்டு மனசு உட்டுப் பேசட்டும்னு. நல்ல காரியந்தேன், நான் கொறை சொல்லல. ஆனா இருக்கறதுலயே பெரிய பீஸை என்ர தலையில கட்டிப்போட்டாளே, முன்னால உக்காந்து எளுதற அந்தப் புள்ள.

கொஞ்சம் நகரு, பேன் காத்து இங்கயும் வரட்டும். நீ வேலம்பாளையமா? டெய்லரா? நெம்ப நல்லது. எனக்கு அருள்புரம். அன்புசெல்வின்னா அங்க எல்லாத்துக்கும் தெரியும். சொந்தத் தையல் யூனிட்டு.

தூக்கமில்ல கண்ணு. படுத்தா நெஞ்சு படபடங்குது. ஈசிஜி எடுத்தா நல்லாருக்குங்கறாங்க, இது நெஞ்சுல இல்ல, மனசுலன்னு இந்த மனசு டாக்டரம்மாகிட்டத் தாட்டியுட்டாங்க. போன வாரம் மொதத் தடவைன்னு காசு வாங்கல. சும்மா தூக்கத்தப் பத்தித்தான் பேசுனேன். அன்னிக்கு ராத்திரி விடிய விடியத் தூங்குனேன். அந்த ஆசையிலதான் மறுக்காவும் வந்தேன். வாராவாரம் வரோணுங்கறாங்க. இந்தப் பீஸைக் குடுத்து எங்கிருந்து வர்றது?

அந்தப் புள்ள கேட்டதும் கேட்டா பாரு. எந்த ஊருங்க, என்ன பண்றீங்க, சொந்த ஊடுங்களா, வருமானம் என்ன வருதுங்க... பொண்ணு பாக்க வர்றவங்க கேக்கற அதே கேள்வி. என்ர அக்ஷராவுக்கு வரன் பாத்துட்டு இருக்கறமா, வாய்க்குப் பளகிப்போச்சு. முந்தானையைச் சொருகிக்கிட்டு ஒப்பிச்சேன். சொந்தக் கம்பெனிங்க, நாப்பது மிசினுங்க, ஆர்டரு நிக்கறதேயில்லீங்க. போதாக்கொறைக்குத் தோட்டத்தையும் சேத்துச் சொன்னேன். தோட்டம் எங்க பெரியப்பாருது.

சிரிச்சுக்கோ, சிரிச்சுக்கோ.

மிசினெல்லாம் இருக்கு கண்ணு. ஆர்டருதான் இல்ல. தை மாசத்தோட நின்னுபோச்சு, ஆளுகளும் வேற பக்கம் போயிட்டாங்க. ஆனா காலையில நானும் எங்க ஊட்டுக்காரரும் போயி ஷட்டரைத் தூக்கீருவோம். அக்கம்பக்கம் பூராம் ஒரம்பரை, சொந்தக்காரங்க. சத்தம் கேக்கலீன்னா கம்பெனி படுத்துருச்சும்பாங்க. அப்பறம் என்ர புள்ளைய எவன் பாக்க வருவான்? அதனால அவரு ஒரு மிசினு, நான் ஒரு மிசினு. துணியே இல்லாம வெறும் மிசினை ஓட்டறோம். டர்ருன்னு வெளிய கேட்டாப் போதும். ஊசி பாட்டுக்கு வெத்தெடத்தைக் குத்தீட்டு இருக்கும். அதைப் பாத்துட்டே பொளுது சாயற வரைக்கும் உக்காந்திருப்போம் கண்ணு.

இதை அக்ஷராகிட்டக் கூடச் சொல்லல. உன்கிட்டப் போயிச் சொல்லீட்டிருக்கறேன்.

உன்னையத்தான் கூப்புடறாங்க, போ சாமி. இரு, நானும் எந்திரிக்கறேன். அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்.

ஏங்கண்ணு, நாந்தேன், அருள்புரம். அப்பப் பொண்ணு பாக்க வர்றவங்களுக்குச் சொல்ற கணக்கச் சொல்லிப்போட்டேன். அதை அடிச்சுடு. கம்பெனி... கம்பெனி நின்னுபோச்சு சாமி. வருமானம் ஒண்ணுமில்லீன்னு எளுதிக்கோ.

எளுதீட்டியா?

வேற ஒண்ணும் கேக்க மாட்டியா? அடக் கெரகமே... இவ்வளவுதானா.