பூசைக்கு வெள்ளை அடித்த பாறை

பெருமதிப்புக்குரிய தலைவர் ஆதிநாராயணன் அவர்களே! கணவரை இழந்து நிற்கும் ராஜலட்சுமி அம்மா அவர்களே! ஆய்வுக்கூடத் தோழர்களே! குவாரியிலிருந்து வந்து வாசலோரம் தயங்கி நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உள்ளே வாருங்கள். இந்தத் துக்கம் உங்களுக்கும் உரியது.

பாறை விஞ்ஞானி சபேசன் போய்விட்டார்! ஆய்வுக்கூடத்தில் அவர் பக்கத்து மேசைக்காரன் நான், அமானுல்லா. மெல்ல அழுத்தினால் பாறை ஒருவிதமாகப் பிளக்கும், வெடிபோல் திடீரென்று தாக்கினால் வேறுவிதமாகப் பிளக்கும் என்பார். கல்துண்டின்மேல் இரும்புக் குண்டைப் போட்டு, கண் இமைப்பதற்குள் ஓடிவிடும் விரிசலைக் கருவியில் பிடித்து அளப்பார். எதற்காக அளந்தார்? பட்டத்துக்கா? பதவிக்கா? வெடி வைத்த பாறைக்கு அடியில் மனிதர்கள் நிற்கிறார்களே, அவர்களுக்காக!

குவாரியில் வெடி வைத்ததும், பாறையின் விரிசலுக்குக் குறுக்கே, நம் ஊரில் பீங்கான் அச்சு வார்க்கும் பிளாஸ்டரைப் பட்டையாகப் பூசுவார். மறுநாள் பட்டை முழுதாக இருந்தால் பாறை அசையவில்லை. பட்டை பிளந்திருந்தால் அடியில் யாரும் போகக்கூடாது. தாம் முதலில் போய்ப் பார்த்த பிறகே ஆட்களை விடுவார்.

ஆயுத பூசை வந்தது. குவாரியைக் கூட்டிப் பெருக்கி வெள்ளை அடித்தார்கள், சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பிளந்திருந்த பட்டைமேலும் சுண்ணாம்பு ஏறி, பிளவை மூடிவிட்டது. மறுநாள் சபேசன் பார்த்தார். பட்டை முழுதாகத் தெரிந்தது. அடியில் போனார். பாறை சரிந்தது.

வெள்ளை அடித்த சொர்ணாம்பாள்தான் அவரைக் கொன்றாள் என்று ஊரில் பேசுகிறார்கள். வேலையைவிட்டு நீக்கச் சொல்லி மனுவும் போட்டிருக்கிறார்கள். என்ன அநியாயம்! அந்த அம்மா போலீசிடம் சொன்னதைக் கேளுங்கள்: "சாமி கும்புடற எடத்துல அழுக்கா இருக்குதேன்னு வெள்ளை அடிச்சேங்க. அந்தப் பட்டை எதுக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லலீங்களே."

யார் சொன்னார்கள்? பாறைக்கு அடியில் நிற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னது யார்? சபேசனும் சொல்லவில்லை! ராஜலட்சுமி அம்மா, மன்னியுங்கள். அவரை நேசித்தவன் சொல்கிறேன். நெஞ்சு எரிகிறது.

அவர் விட்டுப்போன அளக்கும் வேலையை நான் தொடர்வேன். ஆனால் அந்தப் பட்டை எதற்கென்று குவாரியில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்த பிறகே இனி வெடி. மனுப் போட்டவர்களும் வந்து கேட்கட்டும்.

சொர்ணாம்மா, ஏன் தலையைக் குனியறீங்க? நிமிர்ந்து பாருங்க. அடுத்த பட்டையை நீங்கதான் பூசணும். மறுநாள் நீங்களே பார்த்து, "முழுசா இருக்குது"ன்னு சொல்லுங்க. அந்தப் பாறைக்கு அடியில் முதலில் நான் போகிறேன்.