நாலாம் பாகத்துக்கு முன்னால் நாலு வார்த்தை

பெருமைக்கும் பொறுமைக்கும் உரிய அவைத்தலைவர், கொடும்பாளூர் தந்த குணக்குன்று, சொர்ணவல்லி அம்மையாரின் தாய்மாமன் ரெங்கசாமி அவர்களே! வெற்றிலையும் விசிறியுமாக முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! வேனில் இடம் பிடித்த வேகத்திலேயே நாற்காலியிலும் இடம் பிடித்துவிட்ட தாய்மார்களே! "பேச்ச நிப்பாட்டுங்க, தட்டப் போடுங்க" என்று பின்னாலிருந்து பேரன்போடு கூவும் தம்பிமார்களே! பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்கும் திருவரங்குளம் பழந்தட்டுக் கழகத்தின் செயலாளர், மிக்சி ரிப்பேர் கடை நிலவழகன், உங்கள் அத்தனை பேரையும் வணங்குகிறேன்.

கழகத்தில் உறுப்பினர் எத்தனை பேர்? இருவர்! தலைவர் சொர்ணவல்லி, செயலாளர் அடியேன். இங்கே கூடியிருப்பவர்கள் எத்தனை பேர்? இருநூறு பேர்! மீதி நூற்றுத்தொண்ணூற்றெட்டு பேரும் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாதா?

போடுகிறேன் தம்பி, போடுகிறேன். பதினோரு ஆண்டு பொறுத்தவன் நான், பத்து நிமிடம் பொறுக்கமாட்டாயா நீ?

நாலு பாக வானொலி நாடகத்தில் மூன்று பாகம் கேட்டீர்கள். கடல் கடந்து போன தாமோதரன் கப்பலேறி வந்தான், கால்கடுக்க நடந்தான், குமுதவல்லியின் கதவைத் தட்டினான். தட், தட், தட்! அத்தோடு என் தட்டு முடிந்தது. அந்தத் தட்டலோடு பதினோரு ஆண்டுகளாகத் தெருவில் நின்றவன் தாமோதரன் மட்டுமா? நானும்தான்!

இது வானொலி நிலையங்கள் ஒலிபரப்புக்கென்றே அடித்துக்கொண்ட தட்டு. கடையில் விற்றதில்லை, வீட்டு கிராமபோனில் கொள்வதில்லை. பதினாறு அங்குலம்! பழைய இரும்புக் கடையில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடந்ததை மீட்டு வந்தேன். சுற்ற வைப்பதற்கு முதலில் மிக்சி மோட்டாரைப் பூட்டினேன். நல்லவேளை, சோதனைக்கு வைத்தது சோற்றுத் தட்டு. அது சன்னல் வழியே பறந்து பக்கத்து வீட்டு முருங்கையைப் பாதியாக்கிவிட்டது. பிறகுதான் கிரைண்டர் மோட்டாருக்கு மாறினேன்.

ஒரு பக்கத்துக்குக் கால்மணி நேரம்தான். ஒரு தட்டு முடிந்த நொடியில் அடுத்த இயந்திரத்தில் அடுத்த தட்டு தொடங்க வேண்டும். அதற்காக அந்த நாளைய அறிவாளிகள் என்ன செய்தார்கள்? ஒன்றையும் மூன்றையும் ஒரு தட்டில் வைத்தார்கள்; இரண்டையும் நாலையும் இன்னொரு தட்டில் வைத்தார்கள். ஒன்றும் மூன்றும் என்னிடம் வந்தன. இரண்டும் நாலும் எங்கே?

கொடும்பாளூரில்! தையல்கடை நடத்தும் சொர்ணவல்லியிடம்! தையல் மிஷினின் மிதிகட்டையை மிதித்தால் சுற்றும்படி தட்டைப் பூட்டி ஆறு ஆண்டுகளாக மிதித்து மிதித்துக் கேட்டிருக்கிறார். கால் வலித்து வேகம் குறைந்தால் கதாநாயகன் குரலில் கிழவனாவான்; தைக்க வந்தவர்கள் அவசரப்படுத்தினால் குழந்தையாவான். தட்டியது யார் என்று தெரியாமல் கதவு திறக்கும் கதையை மட்டும் கேட்டவர் அவர். வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தட்டின் படத்தைப் பார்த்த அன்றே தொலைபேசியில் அழைத்தேன்.

என்ன பேசினேன்? "ஞாயித்துக்கிழம வாரேங்க. தட்ட மாத்திக்கிருவோம். யாருக்கும் சொல்ல வேணாம்." இவ்வளவுதான் பேசினேன்! இதை என் அக்கா மணிமேகலை கேட்டுவிட்டார்.

சிரிக்காதீர்கள் தாய்மார்களே! நம் ஊரில் தட்டு மாற்றுவது என்றால் என்ன? நிச்சயதார்த்தம்! நாற்பத்தாறு வயதில் தம்பி தானாகவே தட்டு மாற்றப் போகிறான் என்றால் அக்காவுக்குத் தூக்கம் வருமா? ஞாயிற்றுக்கிழமை நான் பேருந்தில் போய் இறங்குகிறேன். எனக்கு முன்னால் இரண்டு வேன்கள் நிற்கின்றன. சொர்ணவல்லி வீட்டு வாசலில் பந்தல்! பந்தலுக்குள் என் அக்கா! "ஏன்டா, மாப்பிள்ளையே கடைசியா வாரது?" என்று கேட்கிறார். அந்த வீட்டிலோ, "மாப்பிள்ளைக்குக் கூச்சம், அதான் யாருக்கும் சொல்ல வேணாம்னு சொல்லியிருக்காக" என்று விளக்கம் நடக்கிறது.

இரண்டு தட்டையும் வாங்கி, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு தேங்காய் என்று அடுக்கிவிட்டார்கள். பார்த்த மாத்திரத்தில் நானும் சொர்ணவல்லியும், "ஐயோ, கோடு!" என்று ஒரே குரலில் அலறினோம். எதற்கு? தேங்காய் உரசினால் தட்டில் ஓடும் கோடு போய்விடுமே என்று! "பாருங்க, ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்த வருது. பொருத்தம்னா இதுல்ல பொருத்தம்!" என்றார் நம் அவைத்தலைவர்.

உண்மையைச் சொன்னோம். நம்பவில்லை. "அப்ப பாடச் சொல்லுங்க பாப்போம்" என்று அவைத்தலைவரே தையல் மிஷினில் பூட்டிய தட்டின் வெளி விளிம்பில் ஊசியைத் தூக்கி வைத்தார். எல்லாத் தட்டும் வெளியிலிருந்து உள்ளே போகும். இந்தத் தட்டோ உள்ளேயிருந்து வெளியே வரும்! ஊசி சறுக்கியது, தரையில் விழுந்தது, முறிந்தது. கோபிக்காதீர்கள் ஐயா, நான் குற்றம் சொல்லவில்லை. அந்த ஊசி முறிந்த பிறகு மூன்று மாதத்தில்தான் நான் கொடும்பாளூருக்குப் பதினேழு முறை வந்தேன். புது ஊசி வந்ததா என்று கேட்க வந்தேன். ஊசியை வரவழைத்துக்கொண்டிருந்தவன் நானே என்பதை யாரும் கவனிக்கவில்லை.

தட்டை மாற்றிக்கொண்டேனா? அதுவும் இல்லை! சொர்ணவல்லி அன்றே அடித்துச் சொன்னார்: "மாத்திக்கிட்டா என்னாகும்? இப்ப நீங்க தவிக்கிறத நான் தவிக்கணும், நான் தவிக்கிறத நீங்க தவிக்கணும். ரெண்டு தட்டும் ஒரே எடத்துல இருக்கணுங்க. அம்புட்டுத்தான்."

"அப்ப கல்யாணத்துக்குச் சரியாத்தா?" என்று அவைத்தலைவர் கேட்டார். "நாடகத்த முழுசாக் கேட்டுட்டுச் சொல்றேன் மாமா" என்றார் அவர். அந்த முடிவைக் கேட்கத்தான் இருநூறு பேரும் வந்திருக்கிறீர்கள்!

அதனால்தான் மூன்றாம் பாகம் முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. முடிவு தெரிந்த அம்மையாரோ இன்றுவரை அதைச் சொல்ல மறுக்கிறார். நாலாம் பாகத்தில் குமுதவல்லி கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டால்? எவரோ எழுதிய நாடகத்துக்கு என் வாழ்க்கை கட்டுப்பட வேண்டுமா? தாமோதரன் தோற்றால் நானும் தோற்க வேண்டுமா? ஒப்பமாட்டேன்! தட்டு சுழலும் முன்பே கேட்கிறேன், ஊரறியக் கேட்கிறேன், உள்ளேயிருந்து வெளியே வருகிறது இந்தச் சொல்: சொர்ணவல்லி அவர்களே, எனக்கு நீங்கள் வேண்டும். நாலாம் பாகம் இல்லாவிட்டாலும் வேண்டும். தட்டு உடைந்தே போனாலும் வேண்டும்! சம்மதமா?

அமைதி, அமைதி! தம்பி, விசிலை நிறுத்து. அம்மையார் எழுந்திருக்கிறார்கள். மேடைக்கு வருகிறார்கள். என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தையல் மிஷினில் உட்காருகிறார்கள். ஊசியை எடுத்து, உள்வட்டத்தில் வைத்து, மிதிக்கிறார்கள். கேளுங்கள்! குமுதவல்லி பேசுகிறாள்!

கேட்டதா, பெரியோர்களே? பின்வரிசைக்குக் கேட்டதா? "இவ்வளவு நேரமாகவா தட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்? கதவைத் தாழிடவே இல்லையே!"

பதினோரு ஆண்டுகள்! கதவைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்!

என்னங்க? இந்தா வாரேன், இந்தா வாரேன். "பேசுனது போதும், கால் கடுக்குது, இங்கிட்டு வந்து ஒரு மிதி மிதிங்க" என்கிறார்கள் அம்மையார். கதாநாயகன் குரல் இப்போதே தள்ளாடத் தொடங்கிவிட்டது. ஆகவே, பொறுத்த பெரியோர்க்கும், சிரித்த தாய்மார்க்கும், ஊசியை முறித்து உதவிய உத்தமர் அவைத்தலைவருக்கும் நன்றி சொல்லி, மிதிகட்டைக்குப் போகிறேன். வணக்கம்!