ஊதாப் பிடி வச்ச துப்பாக்கிக்கு எத்தனை மார்க்?

நடீன்: ...இல்லம்மா, நாங்க எதுவும் வாங்கறதா இல்ல. ஃபோனை வைக்கட்டுமா?

மரிசோல்: ஐயோ, வச்சிடாதீங்கம்மா! நான் விக்கறதுக்குக் கூப்பிடல. நீங்க ஏற்கெனவே வாங்கினதைப் பத்தித்தான். போன மாசம் உங்க வீட்டுல ரெண்டு கைத்துப்பாக்கி வாங்கியிருக்கீங்க. உத்தரவாத அட்டையில இந்த நம்பரைக் குடுத்திருந்தீங்க.

நடீன்: ஆமா, குடுத்தோம்.

மரிசோல்: வாங்கினவங்களுக்குத் திருப்தியான்னு கேட்டு எழுதறதுதான் எங்க கம்பெனி வேலை. பன்னண்டே பன்னண்டு கேள்வி. என் பேரு மரிசோல்.

டெல்பர்ட்: யாரு நடீன்?

நடீன்: துப்பாக்கி பிடிச்சிருக்கான்னு ஒரு பொண்ணு கேக்குது.

டெல்பர்ட்: அடடே! ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு! இத்தனை நாளா ஒரு பய கேக்கலையே... ஹலோ! நான் டெல்பர்ட். வீட்டுக்காரன்.

நடீன்: வீட்டுக்காரி நான். இவரு குடியிருக்காரு.

மரிசோல்: ரெண்டு பேருமே இருக்கீங்களா, ரொம்ப நல்லதா போச்சு. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீங்க சொல்றது எல்லாம் ரகசியம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்டகூட நான் சொல்லக்கூடாது. சொன்னா என் வேலை போயிடும்.

டெல்பர்ட்: எங்களுக்குள்ள என்னம்மா ரகசியம்? முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு.

நடீன்: முப்பத்தொம்பது.

டெல்பர்ட்: அதான் சொன்னேன்.

மரிசோல்: முதல் கேள்வி. துப்பாக்கியை வீட்டுல எங்க வைக்கிறீங்க?

டெல்பர்ட்: இரும்புப் பெட்டியில. நம்பர் பூட்டு.

நடீன்: அந்த நம்பரு எங்க கல்யாணத் தேதி. அதனால திருடன் வேணும்னா திறப்பான். இவரால திறக்க முடியாது.

டெல்பர்ட்: அதைப் போய் ஃபோன்ல சொல்றியே!

மரிசோல்: நான் எழுதிக்கலம்மா... ரெண்டாவது. யார் யாருக்கு எது?

டெல்பர்ட்: எனக்குப் பெருசு. முழுக்க எஃகு, நீளக் குழல். கையில எடுத்தா ஒரு கோழி கனம் இருக்கும். இவளுக்குக் குட்டி ரிவால்வர். சட்டைப் பைக்குள்ள அடங்கிடும், தூக்கினா காத்து மாதிரி. பிடி மட்டும் ஊதாக் கலர். அது கடையில கிடையாது. நானே சொல்லி வரவழைச்சேன். இவ பிறந்தநாளுக்கு.

மரிசோல்: பிறந்தநாளுக்குத் துப்பாக்கியா!

டெல்பர்ட்: பின்ன? நீ எந்த ஊரும்மா?

மரிசோல்: நியூ மெக்சிகோ.

டெல்பர்ட்: அங்கயும்தான் விக்குது.

மரிசோல்: விக்குதுங்கய்யா. நான்தான் இதுவரைக்கும் தொட்டதில்ல. சரி, மூணாவது. இதுதான் முக்கியம். உங்க துப்பாக்கிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?

டெல்பர்ட்: பத்து!

மரிசோல்: அம்மா?

நடீன்: ...பத்து.

டெல்பர்ட்: பாத்தியா! ஒரு நொடி யோசிக்கல.

நடீன்: டெல்பர்ட், பின்னாடி புகை ரொம்ப வருது.

டெல்பர்ட்: ஐயையோ, கறி! காலையில நாலு மணிக்கு அடுப்புல ஏத்தினது. பொண்ணே, ஒரு நிமிஷம் இரு, வந்துடறேன். எனக்கு வர்ற கேள்விக்கு எல்லாம் பத்துன்னே போட்டு வை.

மரிசோல்: அப்படிப் போட முடியாதுங்கய்யா... அம்மா, நாலாவது...

நடீன்: இரு, இரு. கதவு சாத்தட்டும்... போயிட்டாரு. பொண்ணே, அந்தப் பத்தை அழி.

மரிசோல்: எந்தப் பத்தை?

நடீன்: நான் போட்ட பத்தை. ஒண்ணரை போடு.

மரிசோல்: இங்க அரை மார்க்குக்கு இடமில்லம்மா.

நடீன்: அப்போ ஒண்ணு. சனியன் புடிச்சது, என்னா உதை உதைக்குது தெரியுமா! முதல் தோட்டா சுட்டப்ப எவனோ உள்ளங்கையில சுத்தியலால அடிச்சிட்டான்னு நினைச்சேன்.

மரிசோல்: குட்டின்னு சொன்னாரே? குட்டின்னா மெதுவாத்தானே உதைக்கும்?

நடீன்: நீயும் அவரு மாதிரியே கேக்கறியே! இந்த ஊர் ஆம்பளைங்க அத்தனை பேரும் பண்ற தப்பு இது. பொம்பளைக்குச் சின்னக் கை, அதனால சின்னத் துப்பாக்கின்னு வாங்கிட்டு வந்து நீட்டுவாங்க. கனமா இருந்தா உதையை அதுவே தாங்கிக்கும். காத்து மாதிரி இருந்தா மொத்தமும் நம்ம கைக்குத்தான் வரும். கட்டைவிரலுக்குப் பக்கத்துல தோலு கன்னிப்போச்சு. சர்ச்சுல ஒருத்தருக்குக் கை குடுக்க முடியல.

மரிசோல்: ஐயா பாக்கலையா?

நடீன்: கேட்டாரு. ரோஜாச் செடி கீறிடுச்சுன்னு சொன்னேன்.

மரிசோல்: நம்பிட்டாரா?

நடீன்: எங்க வீட்டுல ரோஜாச் செடியே கிடையாது. நம்பிட்டாரு.

மரிசோல்: அம்மா, சிரிக்கக்கூடாது, எல்லாம் பதிவாகுது... அவர்கிட்ட நேராச் சொல்லிடலாமே?

நடீன்: சொல்லலாம். பதினோரு வருஷம் முன்னாடி அப்படித்தான் சொன்னேன். பிறந்தநாளுக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கிட்டு வந்தாரு. பளீர் மஞ்சள். உள்ள ரெண்டு பேரு நுழையலாம். விழுந்து விழுந்து சிரிச்சேன். மறுநாளே கடையில திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

மரிசோல்: கோவப்பட்டாரா?

நடீன்: கோவப்பட்டிருந்தா தேவலையே. ஒண்ணும் சொல்லல. அதுலேர்ந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கடை அட்டையை நீட்டி, உனக்குப் பிடிச்சதை நீயே வாங்கிக்கோன்னுடுவாரு. பதினோரு வருஷம்! இந்த வருஷம்தான் மனுஷன் தானா யோசிச்சு, கலர் பாத்து ஒண்ணு வாங்கியிருக்காரு. இப்ப போய் நல்லா இல்லைன்னு எந்த வாயால சொல்லுவேன்?

மரிசோல்: அப்போ என்னம்மா பண்றீங்க?

நடீன்: அதனால சனிக்கிழமை வந்தா தலைவலின்னு படுத்துக்கறேன். அன்னைக்குத்தான் கிளப்புல ரெண்டு பேரும் சேர்ந்து சுடுவோம். நாலு சனிக்கிழமை போச்சு. அதுதான் வயித்தெரிச்சல். எனக்குச் சுடறதுல பெரிய ஆசையெல்லாம் இல்லம்மா. வண்டியில அவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ரேடியோவோட சேர்ந்து அவரு தப்புத் தப்பாப் பாடறதைக் கேட்டுக்கிட்டு, வர்ற வழியில பொரிச்ச வெண்டைக்காய் தின்னுக்கிட்டு... அது வேணும் எனக்கு.

மரிசோல்: ஐயாவோட பெருசைக் கேட்டு வாங்கிச் சுடலாம்ல?

நடீன்: திருட்டுத்தனமா ஒரு நாள் சுட்டேன். அப்பப்பா... வெண்ணெய்! அசையவே இல்ல. ஆனா கேட்டா கண்டுபிடிச்சிடுவாரே. ஐயோ, வர்றாரு. அந்த மார்க்கு, பத்தாவே இருக்கட்டும். ஒண்ணு போட்டுடாதே. எங்கயாவது அவரு கண்ணுல பட்டுடும்.

மரிசோல்: நிஜமாவா?

நடீன்: பத்து!

டெல்பர்ட்: என்ன, இன்னும் பத்துலயே நிக்கறீங்க? கறி தப்பிச்சுது. ஓரம் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கு.

நடீன்: கொஞ்சமா?

டெல்பர்ட்: அது உன் தம்பிக்கு வைப்போம். அடுத்த கேள்வி என்னம்மா?

மரிசோல்: இந்த மாடலை நண்பர்களுக்குச் சிபாரிசு பண்ணுவீங்களா?

டெல்பர்ட்: பண்ணிட்டேன்! தீவனக் கடையில, முடி வெட்டற இடத்துல, பாதிரியார்கிட்ட...

நடீன்: பாதிரியார்கிட்டயா!

டெல்பர்ட்: அவரு சம்சாரத்துக்கும் சின்னக் கைதானே?

நடீன்: கடவுளே, அந்தப் புள்ளையைக் காப்பாத்து.

டெல்பர்ட்: என்னது?

நடீன்: ஒண்ணுமில்ல. வாசல்ல ஓபல் ஹாரன் அடிக்கறா. பக்கத்து வீட்டுக்காரிம்மா. அவ பாத்திரத்தைக் குடுத்துட்டு வந்துடறேன். நீ பேசிக்கிட்டிரு டெல்பர்ட். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு, ஊர்க்கதை வேணாம்.

மரிசோல்: ஐயா, அஞ்சாவது. துப்பாக்கியை இடுப்புல வச்சுக்கிட்டு வெளிய போவீங்களா?

டெல்பர்ட்: ...போயிட்டாளா?

மரிசோல்: யாரு?

டெல்பர்ட்: நடீன். கதவுச் சத்தம் கேட்டுதுல்ல? சரி. பொண்ணே, நான் போட்ட பத்தை அழிச்சிடு.

மரிசோல்: நீங்களுமா!

டெல்பர்ட்: நீங்களுமான்னா?

மரிசோல்: இல்ல... நிறைய பேரு இன்னைக்கு அழிக்கச் சொல்றாங்க. எத்தனை போடட்டும்?

டெல்பர்ட்: மூணு. துப்பாக்கி மேல குத்தமில்ல. கனம்தான் கொல்லுது. இடுப்புல மாட்டினா பேன்ட்டு நிக்க மாட்டேங்குது. போன வாரம் தீவனக் கடையில மூட்டை தூக்கக் குனிஞ்சேன்...

மரிசோல்: ஐயையோ.

டெல்பர்ட்: பெல்ட்டும் போச்சு, மானமும் போச்சு. நல்லவேளை, உள்ள புது ஜட்டி. ராத்திரியானா முதுகு பிடிச்சுக்குது. புல்லு வெட்டினதாலன்னு நடீன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

மரிசோல்: அவங்களோட குட்டி மாதிரி ஒண்ணு இருந்தா...

டெல்பர்ட்: அட, அதேதான் எனக்கும் ஆசை! என் கை காய்ப்புக் காய்ச்ச கை. இருவத்தொம்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில படுத்து ரிப்பேர் பாத்தவன். அந்த உதையெல்லாம் எனக்குக் கொசுக்கடி. ஆனா இது ஆம்பளை சைஸுன்னு கடையில பத்து பேரு முன்னாடி வாய் விட்டுட்டேன். சரி, அது கிடக்கட்டும். நாளைக்கு ரெண்டையும் கொண்டுபோய் வந்த விலைக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்.

மரிசோல்: ரெண்டையுமா? எதுக்குங்கய்யா?

டெல்பர்ட்: ...இது உன் காகிதத்துல இருக்கிற கேள்வியா?

மரிசோல்: இல்ல. நானா கேக்கறேன்.

டெல்பர்ட்: நடீன் வர மாட்டேங்கிறா. துப்பாக்கின்னா உசிரும்மா அவளுக்கு, நீயே கேட்டியே, பத்து போட்டா. ஆனா சனிக்கிழமையானா தலைவலி. ஞாயித்துக்கிழமை பாத்தா பாட்டுப் பாடிக்கிட்டு பாத்திரம் தேய்க்கறா. அப்போ துப்பாக்கி மேல வெறுப்பில்ல. என்கூட வர்றதுதான் அவளுக்குச் சலிச்சுப்போச்சு.

மரிசோல்: அப்படியெல்லாம் இருக்காதுங்கய்யா.

டெல்பர்ட்: உனக்கு எப்படித் தெரியும்? நான் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. காலையில எழுந்தா நான், சமையலறையில நான், திரும்பினா நான். எந்தப் பொம்பளைக்குத்தான் சலிக்காது? நாளைக்குக் கிளப்புல ஜோடிச் சந்தா புதுப்பிக்கக் கடைசி நாள். வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். பாவம், எனக்காகத் தலைவலிக்க வேணாம் அவளுக்கு.

மரிசோல்: ஐயா... நான்... தொண்டை வரைக்கும் வந்துடுச்சு.

டெல்பர்ட்: என்ன வந்துச்சு?

மரிசோல்: ஒண்ணுமில்ல. எனக்கு இந்த வேலை கிடைச்சே மூணு வாரம்தான் ஆகுது.

டெல்பர்ட்: நல்லாத்தான் பண்றே. சரி, அந்த மூணை அழிச்சுட்டு பழையபடி பத்தே போட்டுடு. என்னோடது அவளும் கூட இருந்து சேர்ந்து வாங்கினது. எனக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா.

நடீன்: யாரு மனசு கஷ்டப்படுவா?

டெல்பர்ட்: ஓபல். பாத்திரம் லேட்டா குடுத்தோமேன்னு. முடிஞ்சுதாம்மா கேள்வி?

மரிசோல்: இல்லங்கய்யா, இருக்கு. ஆறு. சுத்தம் பண்றது சுலபமா?

டெல்பர்ட்: சுலபம்.

மரிசோல்: ஏழு. சத்தம்?

நடீன்: இவரை விடக் கம்மி.

மரிசோல்: எட்டு, உறை நல்லா இருக்கா? ஒம்பது, கடைக்காரர் மரியாதையாப் பேசினாரா? பத்து, தோட்டா சுலபமா கிடைக்குதா? பதினொண்ணு, அடுத்த வருஷம் இன்னொண்ணு வாங்குவீங்களா? பன்னண்டு, உங்க வயசு?

டெல்பர்ட்: மெதுவா, மெதுவா! என்ன அவசரம்? அறுவத்தாறு. மத்ததுக்கெல்லாம் ஆமா.

நடீன்: என் வயசு மட்டும் ரகசியம். ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்திச் சொச்சம்னு போட்டுக்கோ. அவ்வளவுதானே?

மரிசோல்: பதிமூணு.

டெல்பர்ட்: பன்னண்டுன்னுதானே சொன்னே?

மரிசோல்: இது புதுசா சேர்த்தது.

நடீன்: எப்போ?

மரிசோல்: இப்பத்தான்மா. கேக்கறேன், ரெண்டு பேரும் நல்லா யோசிச்சு சொல்லுங்க. நாளைக்குச் சனிக்கிழமை. ஒரே ஒரு நாள், ஐயா அம்மாவோட துப்பாக்கியிலயும், அம்மா ஐயாவோடதுலயும் சுட்டுப் பாக்கச் சம்மதமா?

நடீன்: சம்மதம்.

டெல்பர்ட்: நடீன், அது கனம்டி. உன் கை...

நடீன்: சம்மதம்னு சொல்லிட்டேன்யா.

டெல்பர்ட்: அப்போ... நாளைக்கு வர்றியா? தலைவலி?

நடீன்: போயிடுச்சு.

டெல்பர்ட்: தலைவலி நாளைக்குத்தானே வரணும்? இன்னைக்கே எப்படிப் போகும்?

நடீன்: போய்க் கறியைப் பாரு.

டெல்பர்ட்: நடீன். உன் கையைக் காட்டு.

நடீன்: ரோஜாச் செடின்னு சொன்னேனே.

டெல்பர்ட்: நம்ம வீட்டுல ஏதுடி ரோஜாச் செடி?

நடீன்: ஒரு மாசம் கழிச்சுக் கேக்கறாரு பாரு, துப்பறியும் நிபுணர்!

டெல்பர்ட்: அப்போ அந்தக் குட்டிதானா? அதுவா இப்படிப் பண்ணுச்சு? அதனாலதான் வரலையா நீ? என்கூட வரச் சலிச்சுப்போய் இல்லையா?

நடீன்: சலிச்சுப்போயா? யாரு சொன்னா உனக்கு? கிறுக்குப் பயலே, நாலு வாரமா ஜன்னல்ல நின்னு உன் வண்டி திருப்பம் தாண்டறவரைக்கும் பாத்துட்டு வந்து படுத்திருக்கேன். அழுகை அழுகையா வந்துச்சுய்யா எனக்கு.

டெல்பர்ட்: எனக்கும்தான். வெண்டைக்காய் தனியா தின்னா இறங்கவே மாட்டேங்குது.

நடீன்: புல்லு வெட்டினா முதுகு பிடிக்கும்னு சொன்னியே, அதுவும் பொய்தானே? நம்ம புல்லை ஓபல் பேரன் வெட்டறான்யா.

டெல்பர்ட்: பெருசுதான் காரணம். பேன்ட்டு நிக்க மாட்டேங்குது நடீன்.

நடீன்: தீவனக் கடைக் கதை எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்.

டெல்பர்ட்: யாரு சொன்னா?

நடீன்: யாரு சொல்லல?

மரிசோல்: ஐயா, அம்மா... நான் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்லலையே? எல்லாம் பதிவாகுது, அதான் கேக்கறேன்.

டெல்பர்ட்: ஒரு வார்த்தை சொல்லலம்மா நீ. கேள்விதான் கேட்டே. உங்க மேனேஜர் கேட்டா நான் சாட்சி சொல்றேன். என்னோட பத்தை மட்டும் மூணா மாத்திடு.

மரிசோல்: மாத்திட்டேன். அம்மா, இப்பத்தான் அவருக்கே எல்லாம் தெரிஞ்சு போச்சே. உங்க பத்தையும் அழிச்சிடட்டுமா?

நடீன்: வேணாம், அதை அழிக்காதே. நான் துப்பாக்கிக்கா பத்து போட்டேன்? பிறந்தநாள் அன்னைக்கு அந்த டப்பாவைப் பின்னாடி ஒளிச்சு வச்சுக்கிட்டு, இது பிடிக்குமோ பிடிக்காதோன்னு பயந்துக்கிட்டு, வாசல்படியில வந்து நின்னாரே... அந்த மூஞ்சிக்குப் போட்டேன்.