டாக்டர் கருவாடு

போதகர் ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் அத்தான் ஜெபதாஸைப் பிடிக்கும். அவர் கடை ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸைத்தான் இன்று காலையிலும் தின்றேன்.

மார்த்தாண்டத்தில் கடைக்காரர்களுக்கு இணைய விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அத்தான் நம் சபைச் செயலாளர் தேர்தலுக்கு நின்றார். போன மாதம்தான் ஏதோ ஓட்டல் மாடியில் சால்வையோடு கௌரவ டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார்.

"எலே ஸ்மைலின், என் விளம்பரம் ஒண்ணுலகூட டாக்டர் விட்டுப் போவப்பிடாது, கேட்டியா?"

"செரி அத்தான்."

விளம்பரத் தளத்துக்கு நிரல் வழியே கட்டளை கொடுக்கும் வாசலான ஏபிஐக்கு ஒரு வடிகட்டி எழுதினேன்: பெயரில் இன்னது இருக்கும் விளம்பரங்களை மட்டும் எடு, தலைப்பில் 'டாக்டர்' சேர். அந்த 'இன்னது' ஒரு காலி இடம். பைண்ட் வேரியபிள் என்போம். யாருக்காக ஓட்டுகிறோமோ அவர் பெயரை அந்த நேரத்தில் அதில் வைக்க வேண்டும். வடிகட்டியில் பிழை கிடையாது. விவரம் தெரிந்த யாரிடமும் காட்டலாம்.

'ஜெபதாஸ்' என்று வைத்தேன். பிறகு அழித்தேன். வெறுமையாக விட்டால் எல்லாப் பெயரும் பொருந்திவிடும் என்று வேலைக்குச் சேருகிறவர்களை முதல் நாளே எச்சரிக்கிறவன் நான். ஆனாலும் ஒருவருக்கு மட்டும் பட்டம் என்பது கிறிஸ்தவ அன்பாகப் படவில்லை. ஓட்டிவிட்டேன்.

ஞாயிறு ஆராதனைக்கு வந்த எல்லோருடைய போனிலும் நான் விளம்பரம் போடும் கடைகளெல்லாம் வந்தன: டாக்டர் கருவாடு, டாக்டர் பன்றி இறைச்சி, டாக்டர் சவப்பெட்டி. அவற்றுக்கு நடுவே டாக்டர் ஜெபதாஸ். அத்தானின் மனைவியான என் அக்கா சத்தியபாய் சர்ச் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"லேய், மீன்காரி லீமா கேக்கா, 'எக்கா, கருவாடும் சால்வ வாங்கிச்சா'ன்னு. நான் எந்த மொகத்த வச்சிட்டு உள்ள போவேன்?"

அத்தான் ஓட்டுக் கேட்டுப் பேச எழுந்தபோது பாடகர் குழுவிலிருந்து யாரோ, "டாக்டரே, கருவாடு கிலோ என்ன வெல?" என்றார்கள். சபை சிரித்து முடிக்க நேரமாயிற்று. அக்காவின் ஓட்டுகூட அவருக்கு விழவில்லை என்கிறார்கள்.

எதிர்த்து நின்றவர் ஜெயித்தார். அது நான்தான். அது வேறு விஷயம்.

ஒப்புக்கொள்கிறேன், தெரிந்தேதான் செய்தேன். பட்டத்தின் மேல் மனிதனுக்கு ஆசை கூடாது என்பதைத் தவிர வேறு நோக்கமில்லை. அன்று மாலையே எல்லா விளம்பரங்களையும் பழையபடி மாற்றிவிட்டேன், என் பெயர் போட்ட அலுவலக விளம்பரம் ஒன்றைத் தவிர.

அதனால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் இந்த வாக்குமூலத்தில் ஒரு சின்னத் திருத்தம் ஐயா. என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்துக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.